பின்சீட்டு

மழைக்காலத்தில் பசை சீக்கிரம் காயாது. ரெக்சினை ஃபோம் மேல் ஒட்டி எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும், கையை எடுத்ததும் ஓரம் கிளம்பிவிடும். அதனால் அந்த மாதம் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் வேலை மந்தம். கடை முதலாளியை அந்தப் பக்கத்தில் எல்லோரும் சீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசலில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே, போகிற வண்டிகளை வைதுகொண்டிருந்தார். தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனவனை வைதார். இறைக்காமல் மெதுவாகப் போனவனை வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று வைதார்.

அவருடைய தம்பியான சின்னவன், உள்ளே ஒரு பழைய சீட்டின் உறையை உரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாள் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை. மூச்சு நின்று நின்று வந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது பெட்டியை விட்டு வெளியே வந்து, தாய்ப்பால் குடித்து, கொஞ்சம் எடையும் கூடியிருந்தது.

"வீட்டுக்கு அனுப்பறாங்களாம்ண்ணே," என்றான் சின்னவன், தலையைத் தூக்காமல். "குழந்தையை உக்கார வைக்கிற கார் சீட் ஒண்ணு கொண்டு வரச் சொன்னாங்க. அதுல வச்சு மூச்சு ஒழுங்கா வருதான்னு பாத்துட்டுத்தான் விடுவாங்களாம்."

"கார் யாருகிட்ட இருக்கு?"

"உங்ககிட்டதான்."

"அப்ப என்கிட்ட கேக்கச் சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நான்தான் கேக்கறேன்."

சீட்டுக்காரர் துடைப்பத்தை மூலையில் எறிந்தார். 

தம்பி மனைவியோடு அவர் நேராகப் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் அந்தக் கடையில்தான் தையல் மெஷினில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். ரெக்சின் ஓரத்துக்கு அவள் பைப்பிங் நாடா வைத்தால் அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல் இருக்கும். அது அவருக்கும் தெரியும். சின்னவன் அவளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, கடையில் நாலு பேர் இருக்கும்போதே, "தைக்க வந்தவ குடும்பத்தோடயே தன்னைச் சேத்துத் தச்சுக்கிட்டா," என்றார். அவள் அன்றைக்குக் கையில் இருந்த உறையை முடித்து, மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தவள்தான். மறுநாளே பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் இடத்தில் சேர்ந்துவிட்டாள். வீடு மட்டும் ஒன்றாக இருந்தது. கீழே அண்ணன், மாடியில் தம்பி.

"தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லுடா அவகிட்ட."

"மோட்டாரைப் போட்டது நான் இல்லன்னு சொல்லுங்க அவர்கிட்ட."

இரண்டு பேருக்கும் நடுவில் படிக்கட்டில் நின்று சின்னவனுக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

ஆனாலும் மறுநாள் சீட்டுக்காரரே போய்க் குழந்தை சீட் ஒன்றை வாங்கி வந்தார். வாங்கி வந்து மேஜைமேல் வைத்து, துணியைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். "இதுக்குப் பேரு சீட்டா? சாக்கு. சீட்டுக்காரன் வீட்டுப் புள்ள சாக்குல உக்காந்து வந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது." வெல்வெட் துணி வெட்டினார். முதுகுக்கு ஒரு மெத்தை, தலைக்கு அரைவட்டமாக ஒரு திண்டு, ஓரம் முழுக்க மஞ்சள் பைப்பிங். பசை காயாததால் மேஜை விசிறியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட வந்த அவர் மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். தட்டில் போட்ட சோறும் முட்டைப் பொரியலும் ஆறிப் போயின.

ஆஸ்பத்திரி வார்டில் அந்தச் சீட்டைத் தூக்கி வைத்தபோது பக்கத்துப் படுக்கைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சீட்டுக்காரர் அதைக் கவனித்தார். குழந்தையின் அம்மா கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நர்ஸ், கொஞ்சம் வயதானவள், அதிகம் பேசாதவள், குழந்தையை உள்ளே வைத்துத் தோள் பட்டைகளை மாட்டினாள். பாதத்தில் ஒட்டியிருந்த சிறிய சிவப்பு விளக்கிலிருந்து ஒரு வயர் மானிட்டருக்குப் போயிற்று. குழந்தை அந்த வெல்வெட்டுக்குள் ஒரு கைக்குட்டை விழுந்து கிடப்பதுபோல் இருந்தது.

கொஞ்ச நேரம்தான். தலை முன்னால் சாய்ந்தது. மோவாய் நெஞ்சில் போய் ஒட்டியது. உதடு நீலம் பாய்ந்தது. மானிட்டரில் ஆக்சிஜன் எண் இறங்க ஆரம்பித்து, மணி அடித்தது. நர்ஸ் பட்டையைக் கழற்றிக் குழந்தையை வெளியே எடுத்து முதுகைத் தடவினாள். எண் மறுபடி ஏறியது.

"இந்த மெத்தை, திண்டெல்லாம் யாரு வச்சது?"

"நான். என் கையால தச்சது."

"எடுத்துடுங்க."

"எதுக்கு எடுக்கணும்? தலைக்கு அண்டக் கொடுக்கத்தானே வச்சிருக்கேன்."

"அதுதான் தலையை முன்னால தள்ளுது. மோவாய் இப்படி மடிஞ்சா மூச்சுக்குழலும் மடிஞ்சிடும். நாமன்னா தலையைத் தூக்கிக்குவோம். இவ எப்படித் தூக்குவா? சீட்டோட கம்பெனி கொடுத்தது மட்டும்தான் இருக்கணும். மேல எதையும் சேக்கக் கூடாது."

"நான் எத்தனை வண்டிக்குச் சீட் தச்சிருக்கேன் தெரியுமா உங்களுக்கு?"

"அதுல எல்லாம் பெரியவங்க உக்காருவாங்க," என்றாள் நர்ஸ்.

அதுவரை பேசாதிருந்த குழந்தையின் அம்மா, புருஷன் பக்கம் திரும்பி, "எடுக்கச் சொல்லுங்க அவரை," என்றாள். "புள்ளை நீலமா போனதைப் பாத்தும் இன்னும் கதை பேசிட்டு இருக்காரு."

சீட்டுக்காரர் மெத்தையைப் பிடித்து இழுத்தார். அவர் பிரித்து எடுக்கவில்லை, பிய்த்தே எடுத்தார். திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

மறுநாள் மெத்தையில்லாமல் அதே சீட்டில் வைத்துப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் நன்றாகவே இருந்தது. சின்னவன் சிரிக்கக்கூடத் தொடங்கினான். பிறகு தலை மெதுவாகச் சரிந்தது, எண் இறங்கியது, மணி அடித்தது.

"சீட் மேல தப்பில்ல," என்றாள் நர்ஸ். "இவ உடம்பு இன்னும் உக்கார்றதுக்குத் தயாராகல. படுத்த மாதிரியே போகட்டும். எங்ககிட்ட கார் படுக்கை இருக்கு, தர்றோம். கொஞ்சம் வளர்ந்ததும் மறுபடி சீட்ல வச்சுப் பாத்துக்கலாம்."

வாசலில் நின்றிருந்த சீட்டுக்காரர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா. மெத்தையை எடுத்த பிறகும்தான் மணி அடிச்சுது. சொல்லு அவகிட்ட."

"மெத்தை இருந்தப்ப உக்கார வச்ச உடனே அடிச்சுது," என்றாள் அவள். "அதையும் சேத்துச் சொல்லுங்க."

அனுப்புகிற நாளன்று காலையில் மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தும் இடத்தில் குட்டை குட்டையாகத் தண்ணீர். சீட்டுக்காரர் காரைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்திருந்தார். அந்தக் கார்தான் அவர் கடைக்கு விளம்பரம். உள்ளே முழுக்க அரக்கு நிற ரெக்சின், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகத் தையல், ஒவ்வொரு கட்டமும் தலையணை மாதிரி உப்பலாக. பின்சீட்டை முதுகும் அடியும் சேர்த்து ஒரே உறையாக இழுத்துத் தைத்திருந்தார். பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் இப்படியே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நர்ஸ் குழந்தையைக் கார் படுக்கையில் படுக்க வைத்துக் கொண்டு வந்தாள். அது குட்டித் தொட்டில் மாதிரி, உள்ளே குழந்தையைக் கட்ட அகலமான பட்டையோடு இருந்தது. பின்சீட்டில் நீளவாக்கில் வைத்து, கார் பெல்ட்டால் இறுக்கிப் பூட்ட வேண்டும். குழந்தையின் தலை கதவுப் பக்கம் இல்லாமல் நடுப்பக்கம் இருக்க வேண்டும். நர்ஸ் குனிந்து சீட்டின் இடுக்கில் கைவிட்டுத் தேடினாள்.

"பெல்ட் எங்க?"

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். சீட்டுக்காரர் வேறு எங்கோ பார்த்தார்.

"பின்னால யாரும் பெல்ட் போடறதில்ல," என்றார் கடைசியில். "பூட்டு துருத்திக்கிட்டு அசிங்கமா இருக்கும்னு உறைக்குள்ள விட்டுத் தச்சிருக்கு."

"அப்ப வெளிய எடுங்க."

"எப்படி எடுக்கறது? கிழிக்கணும்."

"பெல்ட் இல்லாம நான் அனுப்ப முடியாது," என்றாள் நர்ஸ். "ஒரு பிரேக் போட்டீங்கன்னா இந்தப் படுக்கை முன்சீட்டுல போய் மோதும்."

"நான் பிரேக்கே போடாம ஓட்டறேன். எத்தனை வருஷமா ஓட்டறேன்."

குழந்தையின் அம்மா புருஷனிடம் கையை நீட்டினாள். "கட்டர் குடுங்க."

சின்னவன் சட்டைப் பையில் எப்போதும் கட்டர் இருக்கும். அவன் பையைத் தொட்டான், எடுக்கவில்லை.

"அவ அதுல கை வச்சா இந்த வண்டி இங்கேருந்து நகராது. சொல்லிடு," என்றார் சீட்டுக்காரர்.

"அப்ப வேற வண்டி பாக்கலாம்னு சொல்லுங்க," என்றாள் அவள். "ஆனா இந்தப் பக்கம் ஓடற வண்டியில பாதிக்கு உங்க அண்ணன்தான் உறை தச்சிருக்காரு. எல்லாத்துலயும் பெல்ட்டைப் புதைச்சுத்தான் வச்சிருப்பாரு. பாதியை நானே தச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? கட்டரைக் குடுங்க."

அவன் கொடுத்தான். அவள் ஒரு முழங்காலைச் சீட்டில் ஊன்றி, உள்ளங்கையால் ரெக்சினை அழுத்தி அழுத்திப் பூட்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். தையல் ஓரமாகப் பிரிக்க வழியில்லை. பூட்டு நடுக்கட்டத்துக்கு அடியில் இருந்தது. பிளேடைத் தள்ளி நேராக இழுத்தாள். உள்ளே இருந்த வெள்ளை ஃபோம் பிதுங்கி வெளியே வந்தது. ரெக்சின் கிழிகிற சத்தம் கேட்டபோது சீட்டுக்காரர் காரின் பின்பக்கம் போய், ஒரு குறையுமில்லாத சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

இரண்டு பூட்டும் வெளியே வந்தன. முதுகுப் பக்கமும் கிழித்துப் பெல்ட்டை உருவினாள். படுக்கையை வைத்துப் பூட்டியதும், நர்ஸ் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"பக்கத்துலயே உக்காந்து முகத்தைப் பாத்துட்டே இருக்கணும்," என்றாள். "வாய் ஓரம் நீலமா மாறினா, மூச்சு நின்ன மாதிரி தெரிஞ்சா, வண்டியை ஓரம் கட்டித் தட்டி எழுப்புங்க. நேரா இங்க வந்துடுங்க. வழியில வேற வேலை எதுவும் வச்சுக்காதீங்க. வீட்டுல இந்தப் படுக்கையில தூங்க வைக்காதீங்க, இது காருக்கு மட்டும்தான்."

கார் கிளம்பியது. சின்னவன் முன்சீட்டில், அவள் பின்னால். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் குழந்தையின் முகத்தில் ஓடிக்கொண்டே இருந்ததால், நெஞ்சு அசைகிறதா, நிழல் அசைகிறதா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க."

சீட்டுக்காரர் ஓரம் கட்டினார். அவள் குனிந்து, குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். "சரி, போகச் சொல்லுங்க."

மேம்பாலம் ஏறுவதற்கு முன் மறுபடி. மார்க்கெட் திருப்பத்தில் இன்னொரு தடவை. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

"இது பஸ்ஸா? கை காட்டின இடத்துல எல்லாம் நிறுத்தறதுக்கு?" என்றார் சீட்டுக்காரர். "நடந்து போயிருந்தாலே இந்நேரம் வீடு வந்திருக்கும். வாங்கின சீட் ஆகல, தச்ச மெத்தை ஆகல, உறையைக் கிழிச்சாச்சு. இன்னும் வண்டியில என்ன பாக்கி இருக்கு? ஸ்டீரிங்கையும் பிடுங்கிக்கச் சொல்லு."

"அண்ணே, விடுங்கண்ணே."

"நீ வாயை மூடுடா."

பின்சீட்டிலிருந்து பதில் வரவில்லை. பதில் வராதது அவருக்குப் பிடித்திருந்தது. வைப்பரின் ஓசையில் கொஞ்ச தூரம் போனார். பதில் இன்னும் வரவில்லை. பின்சீட்டு தெரியும் கண்ணாடியை ஏறிட்டுப் பார்த்தார். அவள் தலை கதவுக் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பிரசவமானதிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தவள். சூடான கார், மழைச் சத்தம்.

அவர் யோசிக்கவில்லை. ஓரம் கட்டவும் இல்லை. தெரு நடுவிலேயே காரை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"ஏய். தூங்கறியா? புள்ளையைப் பாரு."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். குழந்தையின் கடைவாயில் பால் வந்திருந்தது. உதடு ஈரச் சாம்பல் நிறம். நெஞ்சு அசையவில்லை. அவள் பட்டையைக் கழற்றினாள், குழந்தையை ஒருக்களித்துப் பிடித்தாள், வாயை முந்தானையால் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், பாதத்தில் சுண்டினாள். "அம்மா, அம்மா," என்று அவள் சொன்னது குழந்தையையா வேறு யாரையா என்று தெரியவில்லை. சின்னவன் முன்சீட்டிலிருந்து பாதி உடம்பைத் திருப்பி, கையை நீட்டி, எதையும் தொட முடியாமல் நீட்டியபடியே இருந்தான்.

பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. சீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கித் தலையை மழையில் நீட்டினார். "அவசரம்னா மேல ஏத்திட்டுப் போடா," என்று கத்தினார். லாரிக்காரன் எதைப் பார்த்தானோ, ஹாரனை நிறுத்திவிட்டான்.

அப்போது குழந்தை இருமியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு பூனைக்குட்டி மாதிரி மெல்லிசாக அழுதது.

"மூச்சு வருதா?" என்றார் சீட்டுக்காரர்.

"வருது. திருப்புங்க வண்டியை."

அவள் சொல்வதற்கு முன்பே அவர் ஸ்டீரிங்கை ஒடித்திருந்தார். அவள் பட்டையை மாட்டி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, எதிரே வந்த எல்லா வண்டிகளையும் கையைக் காட்டி நிறுத்தி, ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.

டாக்டர் பார்த்தார். பால் மேலே ஏறி மூச்சை அடைத்திருக்கிறது, சமயத்தில் எழுப்பிவிட்டீர்கள், இன்னும் சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். குழந்தையை உள்ளே கொண்டு போனார்கள். வராந்தாவில் இரும்பு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். சீட்டுக்காரர் இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றைத் தம்பி கையில் கொடுத்தார். இன்னொன்றைப் பெஞ்சில், அவளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தூங்கிட்ட," என்றார்.

"ஆமா."

"நான் கண்ணாடியில பாக்கலைன்னா?"

"செத்திருக்கும்," என்றாள் அவள். பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்க மெத்தையில வச்சுக் கூட்டிட்டுப் போயிருந்தாலும் செத்திருக்கும்."

"போதும் ரெண்டு பேரும்," என்றான் சின்னவன். அவனை இரண்டு பேருமே பார்க்கவில்லை. சீட்டுக்காரர் மழைத் தண்ணீர் சொட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி, மேலே ஆடை படிந்தது. அவள் அதைக் குடிக்கவில்லை. ஆனால் தள்ளியும் வைக்கவில்லை.

மறுபடி அனுப்புகிற நாளுக்கு முந்தின இரவு சீட்டுக்காரரின் மனைவி ஒரு போர்வையோடு வார்டுக்கு வந்தாள். "நான் முழிச்சிருக்கேன், பால் கொடுக்கற நேரம் எழுப்பறேன். நீ படு," என்றாள் ஓரகத்தியிடம். "உன்மேல பாசம் பொங்கிட்டு வரல. அவருதான் போ போன்னு உயிரை வாங்கிட்டாரு. அவ தூங்காம வண்டியில ஏறினா நான் ஓட்ட மாட்டேன்னு நிக்கறாரு."

"நானும் ஒண்ணும் கூப்பிடல," என்றாள் இவள். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டாள்.

காலையில் பால் குடித்து முடித்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, ஏப்பம் வந்து, நர்ஸ் போகலாம் என்று சொன்ன பிறகு கீழே வந்தார்கள். சீட்டுக்காரர் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே பின்சீட்டில் உறையே இல்லை. அரக்கு நிற ரெக்சின் முழுவதையும் உரித்து எடுத்துவிட்டிருந்தார். அடியில் பழைய சாம்பல் துணி, எப்போதோ எதுவோ கொட்டிய கறையோடு இருந்தது. பெல்ட்டுகள் இரண்டும் தூசி தட்டித் துடைக்கப்பட்டு வெளியே கிடந்தன.

"முழுசாவே உரிச்சுட்டீங்களா?" என்றாள் அவள்.

"அரைகுறையா கிழிச்சதை ஊரெல்லாம் காட்டிட்டுத் திரியச் சொல்றியா?"

அவள் படுக்கையை வைத்தாள். பெல்ட்டைக் கோத்தாள். இழுக்க வலு போதவில்லை. அவர் மறுபக்கக் கதவைத் திறந்து, கையை ஊன்றிப் படுக்கையின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டார். அவள் இழுத்தாள். "இன்னும்," என்றார். "இதுக்கு மேல வராது," என்றாள். "வரும், இழு." வந்தது. நர்ஸ் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"மெதுவா போங்க," என்றாள் அவள், ஏறி உட்கார்ந்து.

"நீ கண்ணை மூடாம இரு," என்றார் அவர்.

வழியில் அவள் எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனாலும் மேம்பாலத்துக்கு முன்னால் அவராகவே ஓரம் கட்டினார். அவள் பார்த்துவிட்டு, "ம்," என்றாள். வண்டி கிளம்பியது.

வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்தியதும் குழந்தை விழித்துக்கொண்டது. முகம் சிவந்து, கையையும் காலையும் உதைத்து, காருக்குள் காது அடைக்கிற மாதிரி அழ ஆரம்பித்தது. சின்னவன் பதறிப் போய்க் கதவைத் திறந்து இறங்கினான்.

"அழுவுது பாரு. எடு," என்றார் சீட்டுக்காரர்.

அவள் பட்டையைக் கழற்றவில்லை. குனிந்து, ஏறி இறங்கும் குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் அழட்டும்," என்றாள்.

அவர் இறங்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அழுகை ஓய்கிற வரை முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.